மெய்ப்பாடு முதல் மதிப்பெண் வரை

ஒரு படைப்பை நன்றென்று தீர்மானிக்கும் உரிமை கற்றோர்க்கு உரியதா, சுவைப்போர்க்கு உரியதா? இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று. இறையனார் களவியல் உரை கூறும் மரபுக் கதை இதனையே பேசுகின்றது. சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டு, எது மெய்யுரை எனத் தெளியாது மயங்கினர். உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாச் சிறுவனை நடுவனாக இருத்தினர். மருதனிளநாகனார் உரைத்தபோது அவன் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரனார் உரைத்தபோதோ சொல்தோறும் சிலிர்த்தான். "சிற்சில இடம்", "சொல்தோறும்" என்னும் அவ்வேறுபாட்டிலேயே இன்றைய மதிப்பெண்ணின் வித்து அடங்கியுள்ளது எனலாம்.

திரைப்படம் தோன்றியபின் இத்தீர்ப்பு அச்சேறியது. 1928ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் 'டெய்லி நியூஸ்' நாளிதழ் படங்களுக்கு நட்சத்திரக் குறி வழங்கத் தொடங்கியது. தமிழகத்தில் 1930களில், 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் கல்கி, ஆனந்த விகடனில் கலை விமர்சனம் எழுதினார். அவர் நம்பியது எண்ணை அன்று, எழுத்தையே. அவர் கருத்தை அறிய விரும்பியவர் கட்டுரை முழுவதையும் படித்தாக வேண்டும்.

பின்னாளில் அதே விகடன், பள்ளி ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதுபோல், நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடலாயிற்று. 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் முதற்படமான '16 வயதினிலே' பெற்றது 62.5. விகடன் வழங்கியவற்றுள் மிக உயர்ந்தது எனப் பெயர்பெற்றது இம்மதிப்பெண்ணே. 1978இல் வந்த மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 61 பெற்றது. 1987இல் 'நாயகன்', 2015இல் 'காக்கா முட்டை' ஆகியவை 60 பெற்றன. பள்ளியில் 62 வாங்கிய பிள்ளையை நாம் கடிந்துகொள்வோம். விகடனிலோ அதுவே சிகரம்! எண்ணைப் படிக்குமுன் அதனை இட்ட கையின் இயல்பை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஸ்ரீ சிட்டியில் வாழும் நமக்கு இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும். நம் அருகிலுள்ள சத்தியவேடு, 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றத்தால் ஆந்திரத்தோடு இணைந்த மண். இரு மொழிச் சுவையும் கலந்த நிலம். '16 வயதினிலே' படமே 1978இல் 'பதஹாரெள்ள வயசு' எனத் தெலுங்கில் பிறந்தது. இரண்டிலும் நாயகி ஸ்ரீதேவியே. இங்கே நம் தெலுங்கு அண்டை வீட்டார் ஐந்துக்கு இத்தனை என்று படங்களை அளப்பர். விகடனின் 62.5 அவ்வளவையில் மூன்றைச் சற்றே தாண்டும்! ஓர் அளவுகோலின் சிகரம் மற்றோர் அளவுகோலில் நடுத்தரமாய்த் தோன்றுகின்றது.

1998இல் தோன்றிய 'ராட்டன் டொமேட்டோஸ்' காட்டும் விமர்சகர் விழுக்காடு வேறொரு வகையினது. நூற்றில் எத்தனை விமர்சகர் படத்தை ஏற்றனர் என்பதே அது. எவ்வளவு ஏற்றனர் என்பதன்று. பத்து விமர்சகரும் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாலும் நூற்றுக்கு நூறு வந்துவிடும். 1990இல் தோன்றிய 'ஐஎம்டிபி' தருவதோ பொதுமக்கள் இடும் மதிப்பெண்ணின் சராசரி. முதல் நாளில் அன்பர் பத்தும் பகைவர் ஒன்றும் இட்டால், நடுவே நிற்கும் ஐந்தரை எவர் கருத்தும் ஆகாது.

காலமும் ஒரு விமர்சகனே. 'முள்ளும் மலரும்' முதல் வாரங்களில் கூட்டம் சேர்க்கவில்லை. பார்த்தவர் வாய்ச்சொல்லே பின்னர் அரங்கை நிறைத்தது. 2003இல் வணிகத்தில் தோற்ற 'அன்பே சிவம்' இன்று பலர் போற்றும் படம். முதல் நாள் எண் எத்துணை விரைவானதோ, அத்துணை நொய்மையானது.

அதற்காக விமர்சனத்தின் வாயை அடைத்தல் தகுமோ? படம் வெளிவந்த மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு கோரியபோது, 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. பணம் கொடுத்துப் பார்ப்பவன் கருத்துரைக்கும் உரிமை காக்கப்பட்டது நன்றே.

ஆலைப் பணிமுறை ஓய்ந்து கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளைகளோடு சூலூர்ப்பேட்டைக்கோ திருப்பதிக்கோ சென்னைக்கோ படம் பார்க்கச் செல்கின்றோம். பிறந்த ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் வயலையும் தெருவையும் பேச்சையும் காட்டும் பலகணி, பெரும்பாலும் அத்திரையே. ஆகவே தேர்வு சிறு செயலன்று. விமர்சகர் எண்ணும் மக்கள் எண்ணும் ஒத்திருந்தால் தயங்காது செல்க. இரண்டும் விலகி நின்றால், அங்கேதான் ஆராய்தல் வேண்டும்: நம் சுவையோடு பழகிய ஒருவர் எழுதியதை முழுதும் படித்துத் தெளிக. எண் வாயில் வரை வழிகாட்டும் காவலன். உள்ளே அமர்ந்தபின் நடுவர் நம் அருகிலிருக்கும் குழந்தையே. உருத்திரசன்மனைப்போல் அதன் கண்கள் பொய் சொல்வதில்லை.