அப்பாவின் புல்லட்டும் டேங்க்குக்குள் உரிந்த தோலும்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, நாக்பூர் அம்பாஜரி ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது புல்லட் இருமிவிட்டு நின்றது. ரிசர்வுக்குத் திருப்பினேன். கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. டேங்க்கில் பெட்ரோல் நிறையவே இருந்தது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். (நாற்பத்தேழு வயதில் புல்லட் தள்ளிய அனுபவத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்!)

டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் குழாயைக் கழற்றினார். உள்ளே சல்லடை முழுக்க வெங்காயத் தோல் மாதிரி மஞ்சள் செதில்கள். 2009-இல் போபாலில் இருந்தபோது, துரு ஓட்டையை அடைக்க டேங்க் உள்ளே ஊற்றிய பூச்சு அது. 'லைனர்' என்பார்கள். பதினாறு வருடம் கழித்துத் தோல் உரிகிறது.

பற்று வரவு எழுதுவதுதான் நமக்குத் தொழில். இந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்று யோசித்தேன்.

வண்டி நம்ம ஊர்ச் சரக்கு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த இரும்பு டேங்க், அதன் மேல் கையாலேயே இழுத்த தங்கக் கோடு. அப்பா 1986-இல் திருச்சியில் வாங்கினார். டேங்க் இன்றும் அதேதான். மாறியது பெட்ரோல்.

அப்பா ஊற்றியது ஈயம் கலந்த பெட்ரோல். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. அடுத்து எத்தனால். இது புதுசு என்று நினைக்காதீர்கள். பெட்ரோலில் சாராயம் கலக்க 1948-லேயே 'இந்தியன் பவர் ஆல்கஹால் சட்டம்' இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை 2000-இல் ரத்து செய்துவிட்டு, 2003-இல் 9 மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பைத் தொடங்கினார்கள். 2022-இல் 10 சதவீதம், 2025-இல் 20 சதவீதம். கரும்பு விவசாயிக்கும் அன்னியச் செலாவணிக்கும் நல்லதுதான். ஆனால் பழைய லைனர்கள் பலவும் இதைத் தாங்கச் செய்தவை அல்ல. எத்தனால் பூச்சை ஊறி உப்ப வைக்கிறது. அடியில் துரு மிச்சமிருந்த இடத்தில் பிடிப்பு விட்டுக் கொப்புளமாகி உரிகிறது. போதாததற்கு, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கி, மறுபடி துருவுக்கு வழி செய்யும்.

சரி, எத்தனால் மேல் பழியைப் போட்டு வவுச்சரை மூடிவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. லைனர் ஊற்றும்படி துரு ஏன் பிடித்தது? திருச்சியில் அப்பா கையில் இருந்தவரை ஒரு பொட்டுத் துரு கிடையாதே?

விடை என் டிரான்ஸ்பர் ஆர்டர்களில் இருந்தது. ரயில் பார்சலில் வண்டி ஏற்ற டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். திருச்சியிலிருந்து புவனேஸ்வர், அங்கிருந்து போபால். வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று மாதம். அதுவரை வண்டி காலி டேங்க்கோடு மழை ஈரத்தில் நிற்கும். டேங்க் உள்ளே வெறும் இரும்பும் ஈரக் காற்றும். துரு பிடிக்காமல் என்ன செய்யும்? எத்தனால் பூச்சைத்தான் உரித்தது. பூச்சு தேவைப்பட வைத்தவன் நான்.

பழையதன் மேலேயே இன்னொரு கோட் ஊற்றலாம் என்றார் மெக்கானிக். வாராக்கடனை மறைக்கப் புதுக் கடன் கொடுப்பது மாதிரி அது. அடியில் பிடிப்பில்லாதது மேல் பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். வேண்டாம் என்றேன். வெட்டவெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், அசிட்டோன் ஊற்றி ஊற வைத்து, நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, நான்கு முறையில் எல்லாத் தோலும் வந்தது. துருவுக்குச் சிட்ரிக் அமிலம், பிறகு நன்றாகக் கழுவிக் காய வைத்தல். பழைய ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார். ஆவி துளியும் இல்லாத டேங்க்கில், பழகிய கைதான் இதைச் செய்ய வேண்டும். புது லைனர் ஊற்றவில்லை.

மூடி ஓரம் அசிட்டோன் வழிந்து தங்கக் கோட்டில் இரண்டு அங்குலம் அழிந்துவிட்டது. திருவொற்றியூரில் யாரோ மூச்சைப் பிடித்து இழுத்த கோடு. அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "காலியா வெக்காதடான்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார். சொல்லியிருந்தார்தான்.

உங்களிலும் சிலர் அப்பாவின் வண்டியை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிவீர்கள். பார்சலுக்குக் காலி செய்தவுடன் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி உள்ளே முழுக்கப் படும்படி சுழற்றி வடித்துவிடுங்கள். இறங்கியதும் சிறிது பெட்ரோலால் அலசிவிட்டு, அன்றே டேங்க்கை நிரப்புங்கள். வீடு பார்ப்பதெல்லாம் அப்புறம்.

எனக்கு அடுத்த ஆர்டர் ஏப்ரலில் வரலாம். ஒரு டப்பா ஆயில் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.