எறையூர்ப் பங்குப் பிணக்கு

எறையூர், எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள கத்தோலிக்க ஊர். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பங்குக் கோயில் ஜெபமாலை அன்னை ஆலயம். கோயிலில் உட்காரும் இடம், இறந்தவரைச் சுமக்கும் தூம்பா செல்லும் வழி, கல்லறை, தேர்ப்பவனி ஆகியவற்றில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் நீடித்த பிணக்கால் இவ்வூர் அறியப்படுகிறது.

இதன் வேர் எறையூரில் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, குடுமியும் பூணூலும் சந்தனமும் குல வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அதற்கு இசைந்தார். சாதி அன்றே கோயிலுக்குள் வந்துவிட்டது. மேற்குலத்தாருக்குச் சந்நியாசிக் குருக்கள், ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் எனப் பணியாளர்களும் பிரிந்தனர். சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்கே போய் அவஸ்தைப்பூசுதல் என்னும் இறுதி அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று, 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் ஆணையிட வேண்டியிருந்தது. ஆணை தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும்.

புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அவர்கள் திரண்டு முறையிட, குரு அதைக் காலால் உதைத்துத் தள்ளினார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வூரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலும் இத்தகைய சுவர் எழுந்தது, 1910இல்தான் இடிந்தது.

எறையூரில் தலித் மக்கள் தங்களுக்கெனச் சகாய அன்னை சிற்றாலயம் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினர். 2008 மார்ச் 7ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினர். மார்ச் 9ஆம் நாள் அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியத் தரப்பில் இருவர் இறந்தனர். அப்போது எறையூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு மாறியது.

தலித் கிறிஸ்தவர்களைச் சட்டம் வேறு வகையில் கைவிட்டது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியைத் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மதம் மாறியோருக்குப் பட்டியல் தகுதி தருவது பற்றி ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.