மெலிமுனையக் கணினி முறையில் சேவையகத்தின் பயனர் கொள்ளளவு: கல்வராயன் மலைப் பள்ளிச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சேவையகம் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்னும் வினா கணினி வரலாற்றில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கின்றது. நேரப் பகிர்வு முறை தொடங்கித் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வரை அவ்வினா அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. அலுவலகத்தை அளவுகோலாகக் கொண்ட கொள்ளளவுக் கணக்கு வகுப்பறைக்குப் பொருந்தாது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: மெலிமுனையம், சேவையகம், பயனர் கொள்ளளவு, உயர் தொழில்நுட்ப ஆய்வகம், கல்வராயன் மலை

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கே அமைந்த கல்வராயன் மலை, மலையாளி என்னும் பழங்குடி மக்களின் வாழிடம். 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மாவட்டம் உருவான காலத்தையொட்டியே, தமிழகமெங்கும் 3,090 உயர்நிலைப் பள்ளிகளில் தலா 10 கணினிகளும், 2,939 மேல்நிலைப் பள்ளிகளில் தலா 20 கணினிகளும் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு சேவையகமும் அதனோடு இணைந்த 'தின் கிளையண்ட்' எனப்படும் மெலிமுனையங்களும் இவ்வாய்வகத்தின் அடிப்படை அமைப்பாகும். மெலிமுனையம் திரையைக் காட்டும். விசையழுத்தங்களை வாங்கி அனுப்பும். கணிப்பு முழுவதும் சேவையகத்திலேயே நிகழும்.

பகிர்வின் வரலாறு

1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். பின்னர் ஐபிஎம் 7094 கணினியில் அம்முறை ஏறத்தாழ 30 பேரை ஒருசேரத் தாங்கியது. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அன்று கணினியின் விலையே பகிர்வைக் கட்டாயமாக்கியது.

தனிநபர் கணினி பரவியபின் மங்கிய இம்முறை, 1995இல் சிட்ரிக்ஸின் வின்பிரேம், 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பு, 1999இல் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் ஆகியவற்றால் மீண்டும் உயிர்பெற்றது. சென்னையைச் சேர்ந்த நோவாட்டியம் நிறுவனம் நோவா நெட்பிசியை இல்லங்களுக்குக் கொண்டுவர முயன்றது. ஆந்திரப் பிரதேசம் 2008இல் என்கம்ப்யூட்டிங் கருவிகளைக் கொண்டு 5,000 பள்ளிகளில் 50,000 இருக்கைகளை அமைக்க முற்பட்டது. விலையோடு பராமரிப்புச் செலவும் மின்சாரமும் இப்போது காரணங்களாயின.

கொள்ளளவுக் கணக்கு

பயனர் எண்ணிக்கையை நினைவகம், மையச் செயலகம், வட்டு, வலையமைப்பு ஆகிய நான்கும் வரையறுக்கின்றன. இவற்றுள் எது முதலில் தீர்கின்றதோ அதுவே உண்மையான எல்லை. 24 ஜிபி நினைவகமுள்ள சேவையகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இயங்குதளத்திற்கு 4 ஜிபி ஒதுக்கி, ஒருவர்க்கு 1 ஜிபி என வைத்தால் 20 பேர் அமரலாம். கனமான இணையப் பக்கம் ஒன்றினால் தேவை 1.5 ஜிபி ஆகுமாயின் 13 பேர்க்கே இடமுண்டு. ஆயினும் எஞ்சிய எழுவர் மட்டும் துன்புறுவதில்லை. நினைவகம் போதாதபோது சேவையகம் வட்டை நாடுவதால் இருபதின்மரின் திரைகளும் ஒருங்கே தளர்கின்றன. காணொளியிலும் இதே நிலை: ஒருவர்க்கு நொடிக்கு 5 மெகாபிட் எனின் 20 பேர்க்கு 100 மெகாபிட் வேண்டும், பழைய வலையிணைப்பின் முழு அளவே அதுதான்.

அலுவலகமும் வகுப்பறையும்

அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்கையில் மற்றொருவர் கோப்பைப் படிப்பார். வேறொருவர் தேநீர் அருந்தச் செல்வார். இவ்விடைவெளிகளை நம்பியே கொள்ளளவு மதிப்பிடப்படுகின்றது. வகுப்பறையிலோ ஆசிரியர் சொன்ன நொடியில் அனைவரும் ஒரே பொத்தானை அழுத்துகின்றனர். சராசரிக் கணக்கு அந்நொடியில் பொய்க்கின்றது. ஒரே மென்பொருளை அனைவரும் பயன்படுத்துவதால் அதன் நிரற்பகுதி நினைவகத்தில் ஒருமுறை மட்டும் இடம்பெற்றாற் போதும் என்னும் சிறு நன்மை உண்டு. எனினும் உச்சச் சுமையை அது ஈடுசெய்யாது.

மலைச்சூழல்

மின்தடை நேரும் இடத்தில் மெலிமுனையத்தின் குறைந்த மின்தேவை பெரும் பயன் தரும். ஒரே மின்கலம் நெடுநேரம் தாங்கும். மாறாக, சேவையகம் பழுதுற்றால் ஆய்வகம் முழுவதும் முடங்கும். பழுதுபார்ப்பவர் கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வெள்ளிமலையை அடையும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும்.

நேர வரம்புடைய இணையவழி மதிப்பீடுகளில் இச்சிக்கல் கூர்மையடைகின்றது. சேவையகம் தளர்ந்து இழந்த நிமிடங்கள் மதிப்பெண் பட்டியலில் தனியே தெரிவதில்லை; அவை மாணவரின் அறியாமையாகவே படிக்கப்படும். முதல் தலைமுறையாகக் கற்கும் பழங்குடி மாணவர்க்கு இது கருவியின் குறையைத் தன் குறையாக ஏற்கச் செய்யும் அநீதியாகும்.

முடிவுரை

• கொள்ளளவு என்பது சேவையகத்தின் நிலையான பண்பன்று. பயன்படுத்தும் முறையோடு மாறுவது.
• பள்ளிக்கான கொள்ளளவைச் சராசரி வேளையைக் கொண்டன்றி, அனைவரும் ஒருசேர இயங்கும் உச்ச நொடியைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும்.
• மலைப்பள்ளிகளுக்கு மாற்றுச் சேவையகம் ஒன்றை அருகிலேயே வைத்திருத்தல் கொள்ளளவின் ஒரு கூறாகக் கருதத்தக்கது.
• இணையவழி மதிப்பெண்களை ஒப்பிடுவோர் சேவையகத்தின் மறுமொழி நேரத்தையும் உடன் பதிவுசெய்தல் இன்றியமையாதது.