வேடமும் காமிராவும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் சென்றிருக்கிறீர்களா? மே மாதத்தில் சென்றால், சேர்வராயன் மலை உச்சியிலுள்ள குகைக் கோயிலில் திருவிழாவைக் காணலாம். மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரளாக வருவார்கள். இவர்கள் கேரளத்தவர் அல்லர். மலையில் வாழ்வதால் இப்பெயர் பெற்ற, தமிழ் பேசும் மக்கள். விழா உடையில் ஒருவர் எதிரே வந்தால், சுற்றுலா வந்தவரின் கை தானாகவே காமிராவை நாடும். எடுக்கலாமா? இந்தச் சிறு கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை இதே மலையிலிருந்து தொடங்குவோம்.

மலைக்கு வந்த அளவுகோல்

1885-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய மக்களின் உயரம், தலையின் நீள அகலம், மூக்கின் அளவு ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து, படமும் எடுத்து வந்தார். சேர்வராயன் மலை மலையாளிகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1899-இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. பின்னர் ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய ‘தென்னிந்தியாவின் குலங்களும் குடிகளும்’ என்னும் நூல் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

அந்நூலின் முன்னுரையில் அவரே சில நிகழ்ச்சிகளைச் சொல்கிறார். தங்கள் நிலங்களைச் சர்க்காருக்காகப் பறித்துக்கொண்டு, தங்களை அந்தமான் தீவுக்கு அனுப்பவே அவர் வந்திருக்கிறார் என்று சேர்வராயன் மலை மக்கள் எண்ணினார்களாம். வயநாட்டுப் பணியப் பெண்களோ, தங்களுள் சிலரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சி ஓடினார்களாம். நீலகிரி இருளர் ஒருவருக்கு உயரம் அளக்கும் கம்பம் தூக்குமரமாகத் தெரிந்ததாம்.

தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகவே எழுதினார். ஆனால் மலை மக்கள் நின்ற இடத்திலிருந்து பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அதன்பின் மலைச்சரிவுகள் தோட்டங்களாக மாறின. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அந்தமான் 1858 முதல் கைதிகளின் தீவாக இருந்தது. அளவுகோலோடு வரும் அதிகாரியைக் கண்டு நிலத்துக்காக அஞ்சுவது மூடநம்பிக்கை ஆகுமா? அது அனுபவம் தந்த பாடம் அல்லவா?

இதற்கு முன்பே, 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிப் படநூல் ஒன்று லண்டனில் வெளியாகியிருந்தது. அத்தகைய நூல்களில் மனிதர் தம் பெயரால் அன்றி, பெரும்பாலும் தம் குலத்தின் ‘மாதிரி’யாகவே இடம் பெற்றனர். எப்படி நிற்பது என்பதைக் காமிராவுக்குப் பின்னால் இருந்தவரே முடிவு செய்தார்.

நிற்பவர் விருப்பம்

1851-இல் ஆர்ச்சர் கண்டறிந்த ஈரத் தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். படமெடுக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை தலை அசையாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை வைப்பதும் உண்டு. பின்னர் உலர் தகடு வந்தது. வேலை எளிதாயிற்று, செலவும் குறைந்தது. ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் தோன்றின.

அங்கே நிலைமை தலைகீழாயிற்று. குழந்தைக்குக் கிருஷ்ணன் வேடம் போட்டுத் தூக்கிச் சென்றவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பூத்தைத்த சடை தெரியும்படி பின்னால் கண்ணாடி வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தாம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் படத்தில் நிற்பவரே தீர்மானித்தார். காசு கொடுத்தவரும் அவரே!

இந்த விருப்பத்தின் இன்றைய வடிவந்தான் ‘காஸ்ப்ளே’. கதை மாந்தரைப் போல உடை தைத்து அணிந்து, அவரைப் போலவே நிற்கும் கலை இது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி எதிர்கால மனிதரின் உடைகளைத் தைத்தார். அவரும் நண்பர் அக்கர்மனும் அவற்றை அணிந்து வந்தனர். உடையையும் சொற்களைச் சுருக்கி ‘காஸ்ப்ளே’ என்னும் பெயரை 1980-களின் முற்பகுதியில் வழங்கியவர் ஜப்பானியரான நொபுயுகி தகஹாஷி. ‘அனிமே’ என்னும் ஜப்பானிய அசைபடங்களோடு இக்கலை உலகெங்கும் பரவியது. 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த காமிக் கான் விழாவிலும் நம் இளைஞர்கள் இவ்வாறு வேடமிட்டு வந்தனர்.

இங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. வேடமிட்டு வந்தவரை யாரும் தொடலாம், எப்படியும் படமெடுக்கலாம் என்று சிலர் எண்ணினர். ஆகவே டோக்கியோவில் 1975 முதல் நடைபெறும் ‘கொமிகெட்’ சந்தையில், படமெடுப்பதற்கென்றே தனி இடம் ஒதுக்கும் வழக்கம் வந்தது. 2014-இல் நியூயார்க் காமிக் கான் விழாவில், வேடம் என்பது சம்மதம் ஆகாது என்ற அறிவிப்புப் பலகைகளை வைத்தார்கள்.

இரண்டு மீட்டர்

நல்ல படத்துக்கான விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். 40 செ.மீ. தொலைவில் காமிராவை நீட்டினால், காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு 6 சதவீதமே. முகம் இயல்பாக அமையும். பின்வாங்கி நிற்பது மரியாதை. அதுவே நல்ல படமும் தரும்!

வேடமிட்டவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் எந்தப் பாத்திரம் என்று விசாரியுங்கள். அந்தப் பாத்திரம் நிற்பதுபோல் நிற்க அவருக்கு நேரம் கொடுங்கள். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள்.

ஏற்காட்டுத் திருவிழாவில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். காஸ்ப்ளே செய்பவர் படமெடுக்கப்படவே பெரும்பாலும் வருகிறார். சேர்வராயனைக் கும்பிட வந்தவர் அணிந்திருப்பதோ வேடம் அன்று, அவருடைய உடை. அவர் காட்சிக்கு வரவில்லை. சாமி கும்பிட வந்திருக்கிறார். அதனால் ‘ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் காமிராவை இறக்கிக்கொள்ளுங்கள். அவருடைய முன்னோர்களுக்கு அப்படி மறுக்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை.