அந்தரத்தில் நிற்கும் மடங்கள்

கிரேக்க நாட்டுத் தலைநகரான ஏதென்ஸிலிருந்து விடியுமுன் தனி மோட்டார் வண்டி அமர்த்திப் புறப்படுவோர், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கடந்து, நண்பகலுக்குள் தெசலிச் சமவெளியின் ஓரத்தை அடைவர். அங்கே கலம்பாகா ஊருக்கு மேலே செங்குத்தான பாறைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் உச்சியில் உள்ளவையே மெத்தெயோரா மடங்கள். 'அந்தரத்தில் நிற்பவை' என்பது அப்பெயரின் பொருள்.

துறவிகள் இவ்வுயரத்தை நாடியது ஏன்? முதலில் தனிமைக்காக, பின்னர் பாதுகாப்புக்காகவும். 14ஆம் நூற்றாண்டில் தெசலி பல படையெடுப்புகளுக்கு ஆளாயிற்று. அந்நூற்றாண்டில் ஆதோஸ் மலையிலிருந்து வந்த அத்தனாசியோஸ் பெரிய மெத்தெயோரோன் மடத்தை நிறுவினார். அரச பதவியைத் துறந்து அவர் வழி நின்ற யோவாசாஃப் அதனை விரிவாக்கினார். காலப்போக்கில் மடங்கள் 24 ஆயின.

மேலே செல்ல நூலேணியும், வடத்தில் கட்டிய வலையுமே வழி. உச்சியில் இருப்போர் உருளையைச் சுழற்றினாலன்றி வலை ஏறாது. எவரை ஏற்பது, எவரை விலக்குவது என்பது துறவிகள் கையிலேயே இருந்தது. 1920களில் பாறையில் படிகள் வெட்டப்பட்டன, அந்நிலை மாறிற்று. 1988இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தனிமையைக் காத்த உயரமே கூட்டத்தை ஈர்க்கும் காட்சியாயிற்று.

இன்று ஆறு மடங்களிலேயே துறவு வாழ்க்கை தொடர்கிறது. மாலையில் திரும்பவேண்டிய பயணிக்கு அனைத்தையும் காண நேரமிராது. எனினும் வார்லாம் மடத்துப் பழைய உருளையைக் காணாது திரும்பலாகாது. படிகள் சொல்லாத வரலாற்றை அது சொல்லும்.