புயல் கூண்டுக்குப் பின்னால் ஒரு பழைய மொழி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. தேங்காய்த்திட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாமென்று முன்பே எச்சரித்திருந்தார்கள். புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏறியிருந்தது. இத்தகைய எச்சரிக்கைக்கு ஆதாரமான வானிலைக் கணக்கு பெரும்பகுதி ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957-இல் வெளியிட்ட மொழி அது. புதிய மொழி வந்தால் பழையது ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை.

சென்னை ஐஐடிக்கு 1973-இல் ஐபிஎம் 370 கணினி வந்தபோது மாணவர்கள் துளை அட்டைகளில் எழுதியது இந்த மொழியைத்தான். 1980-களின் இறுதியில் வானிலை முன்கணிப்புக்காக டெல்லிக்கு வந்த கிரே எக்ஸ்-எம்பி கணினியிலும் இதே மொழி ஓடியது. பின்னர் சி, சி++, ஜாவா, பைத்தான் எனப் பல வந்தன. பைத்தானுக்கு இன்று வானிலை மையங்களில் நிறைய வேலை இருக்கிறது: தரவைத் திரட்டுகிறது, வரைபடம் போடுகிறது. காற்றும் ஈரமும் நகரும் கணக்கை மட்டும் பழைய மொழியே பார்த்துக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். மேகம் திரள்வதற்கும் கடல் வெப்பம் காற்றில் ஏறுவதற்குமான வரிகள் பல பருவங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டவை. அவற்றைப் புது மொழியில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின்னால் தொலைவில் ஓர் இலக்கம் மாறும். வளிமண்டலக் கணக்கில் அந்தச் சிறு வித்தியாசம் நாளுக்கு நாள் பெருகும். அது பிழையா, வெறும் முழுமைப்படுத்தலா என்று கண்டறியப் பழைய புயல்களையெல்லாம் திரும்பக் கணக்கிட்டாக வேண்டும். ஃபோர்ட்ரானும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அதன் புதிய தரம் 2023-இல் வெளியானது.

பாஸ்கல் மொழி வகுப்பறைகளிலிருந்து மறையவில்லையா என்று கேட்கலாம். மறைந்தது உண்மைதான். பயிற்சிக்கு எழுதிய நிரலைக் கைவிடுவதில் யாருக்கும் இழப்பில்லை. இதைவிட வலுவான எதிர்ச்சான்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டு வானிலைத் துறை 2016-இல் வரைகலைச் சில்லுகளுக்கு மாறியபோது தன் வானிலை மாதிரியின் மையப் பகுதியை சி++ மொழியில் புதிதாக எழுதியது. மாற்றத்தைக் கட்டாயமாக்கியது சில்லு. மழை, மேகம் பற்றிய பகுதிகள் அங்கும் ஃபோர்ட்ரானிலேயே தொடர்ந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் சில நிமிடங்களுக்குள் பத்து நாள் வானிலையைச் சொல்கிறது, அதன் ஓட்டத்தில் ஃபோர்ட்ரான் இல்லை. முன்கணிப்பில் பழைய மாதிரிகளின் இடத்தை அது பிடிக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கற்றுக்கொண்ட பல்லாண்டு வானிலைத் தொகுப்பு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஃபோர்ட்ரான் மாதிரி உருவாக்கியது. ஒவ்வொரு முன்கணிப்பையும் தொடங்க அது கேட்கும் அன்றைய வளிமண்டல நிலையையும் அதே வகை மாதிரிதான் கணக்கிட்டுக் கொடுக்கிறது.