ரப்பரைத் தொடர்ந்த விஷம்

கிள்ளான் வட்டாரத்து ரப்பர் பின்னாளில் கப்பலேறிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-ல் திறக்கப்படுவதற்கு நான்காண்டுகள் முன்பே, ரப்பரைக் கரைத்துப் பசையாக்கும் பென்சீன் என்னும் திரவம் ஸ்வீடன் நாட்டுச் சைக்கிள் டயர்த் தொழிற்சாலையொன்றில் இளம்பெண்களின் எலும்பு மஜ்ஜையை வற்றச் செய்து, இரத்தம் ஊறாமல் அவர்களைக் கொன்ற செய்தியைச் சாந்தேசான் என்ற ஆராய்ச்சியாளர் எழுதி வைத்துவிட்டார். நம்மவர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் அதன் வாடையே இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில்தான் விஷம் காத்திருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் இயற்கை ரப்பரைப் பென்சீனில் கரைத்து மெல்லிய உறைத்தாள் செய்த தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் அளவுமீறிக் கண்டதை 1977-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஐயமற நிலைநாட்டிற்று.

அதே பென்சீன் பெட்ரோலின் ஓர் அங்கமாகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வந்து சேர்ந்தது. பழைய வாகனப் பட்டறைகளில், கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோல் டின்னில் முக்கிக் கழுவுவதும், ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஒரு வண்டியின் எண்ணெயை இன்னொன்றுக்கு மாற்றுவதும், கனத்த ஆவி அடியில் தங்கும் பழுதுபார்க்கும் குழிக்குள் மணிக்கணக்கில் மல்லாந்து கிடப்பதும் தொழிலின் சகஜமான லட்சணங்களாகவே கருதப்பட்டன. தலை சுற்றினால் பசி என்றார்கள். மூக்கை நம்பியும் பயனில்லை; எட்டு மணி நேர வேலைக்கு மலேசிய விதி அனுமதிக்கும் சராசரி, பத்து லட்சம் பங்கு காற்றில் அரைப் பங்குதான்; வாடை புலப்படுவதற்குள் அந்த வரம்பு தாண்டிவிடும்.

சட்டம் விழித்ததோ நெருப்பைக் கண்டுதான். 1991-ல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேரும், மறு ஆண்டு ஜூன் 20 அன்று கிள்ளான் துறைமுகத்தில் பென்சீனின் உறவான சைலீனை ஏற்றி வந்த 'சூன் ஹோங் III' கப்பல் வெடித்து 13 பேரும் மாண்டனர். 1994-ல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. வெடித்துச் செத்தவரை எண்ணிவிடலாம். இருபது வருஷம் கழித்து இரத்தம் கெட்டு இறந்த பட்டறைக்காரரை எந்தக் கணக்கில் எழுதுவது?

பூமிக்கடியில் நடப்பது இதனினும் மந்தமானது. எண்ணெய் நிலையத்தின் எஃகுத் தொட்டி ஈரமண்ணில் துருப்பிடித்துக் கசியும்போது பெட்ரோல் நிலத்தடி நீரின்மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்சீனோ மற்றக் கூறுகளைவிட எளிதில் கரைந்து நீரோடு அடுத்த மனைக்கும் போகிறது, ஆவியாகித் தரைவெடிப்பு வழியே வீட்டுக்குள்ளும் ஏறுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மாசுற்ற நிலத்துக்கென மலேசியச் சுற்றுச்சூழல் துறை வழிகாட்டி நூல்களை வெளியிட்டது 2009-ல். அதற்குள் எத்தனையோ பழைய நிலையங்கள் மூடப்பட்டு, மனைகள் கைமாறிவிட்டன.